மூன்றாம் கவுண்டர், பசுண்டான்

சட்டையில் குத்திய அட்டையில் என் பெயர் தந்தா.
வீட்டில் பவளக்கொடி.
பர்மியச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே கல்தான்,
கடலடியில் கிடப்பது.
யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

காலை ஒன்பதிலிருந்து பார்க்கிறேன்.
வரிசையில் கூடையை நிற்கவைத்துவிட்டு
மீன் வாங்கப் போய்விடுகிறவர்.
பின்னால் நிற்பவர் அந்தக் கூடையைக்
காலால் தள்ளித் தள்ளி முன்னே கொண்டுவருகிறார்,
பக்கத்து வீட்டுப் பிள்ளையைப்
பள்ளிக்கு இழுத்துப்போகிறவரின் முகத்தோடு.

எல்லாம் பில் போட்டு முடிந்த பிறகு
கைப்பையின் முதல் ஜிப்பைத் திறக்கிறவர்.
உள்ளே இன்னும் மூன்று ஜிப்.
பணம் கேட்பேன் என்று
கனவிலும் நினைக்காத முகம்.

மனம் மாறிய ஐஸ்கிரீமைச்
சோப்புப் பொடிகளுக்கு நடுவே ஒளித்துவைப்பவர் யாரோ,
நாலு மணிக்கு அது வழிந்துவந்து என்னிடம் முறையிடும்.

போனை நீட்டிக்கொண்டு "இதோ, இதோ" என்கிறவர்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
அது நிற்பதற்குள்
அடுத்தவர் கூடையில் முட்டை குஞ்சு பொரித்துவிடும்.

அவர்கள் தரும் ஐயாயிரம் ஒட்டுப்போட்டிருக்கலாம்.
நான் தரும் ஆயிரத்தில் மட்டும்
ஒரு மடிப்பு இருக்கக் கூடாது.

சில்லறை இல்லாமல் கொடுத்த மிட்டாய்களை
ஆறு வாரம் சேர்த்து
"இந்தா, எண்ணிக்கோ, எண்ணெய்ப் பாக்கெட் ஒன்று" என்று
கவுண்டரில் கொட்டினார் ஒரு கிழவர்.
அவரை மட்டும் எனக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை தெய்வானை வருவார், நாத்தனாரோடு.
தமிழைக் குடையாக விரித்து
அதற்குள் நின்று பேசுவார்கள்.
மருமகள் வாங்கிய குளிர்பெட்டி,
மூழ்கிப்போன நகைச்சீட்டு,
நாத்தனாரின் ரத்தக் கொதிப்பு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு.
பிறகு நான்.
"மூஞ்சியப் பாரேன், தணக்கா பூசின பூசணிக்கா."
"இவளுக்கு எண்ணவா தெரியும்? மெஷின்தான் எண்ணுது."
நான் பருப்பை ஸ்கேன் செய்தேன். பீப்.
தேயிலையை ஸ்கேன் செய்தேன். பீப்.
எட்டு மாதம் இப்படி.

அந்தச் சனிக்கிழமை கரண்ட் போனது.
ஜெனரேட்டர் நாலு தடவை இருமிப் படுத்துக்கொண்டது.
மேனேஜர் பென்சிலும் அட்டைக் கிழிசலும் தந்தார்.
எண்ணெய் ஒன்பதாயிரத்து எண்ணூறு,
பருப்பு ஆறாயிரத்து நானூற்றைம்பது,
தேயிலை மூவாயிரத்து எழுநூறு,
சோப்பு இரண்டாயிரத்து இருநூற்றைம்பது.

பர்மிய மொழியில் பேசுவேன், சண்டை பிடிப்பேன்,
கனவுகூடக் காண்பேன்.
கூட்டல் மட்டும் எனக்கு அதில் கூடாது.

"அஞ்சும் அஞ்சும் பத்து, மிச்சம் ஒண்ணு.
எட்டும் நாலும் பன்னெண்டு,
ஏழு, பத்தொம்போது,
ரெண்டு, இருபத்தொண்ணு,
மிச்சத்தோட இருபத்திரெண்டு..."

பின்னால் பன்னிரண்டு பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள்.
இரண்டு பேர் மட்டும் அசையவில்லை.
நாத்தனார் சூயிங்கம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப்
பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார்.
தெய்வானையின் கை கைப்பைக்குள்ளேயே
எதையோ பிடித்துக்கொண்டு நின்றது.

"இருபத்திரெண்டாயிரத்து இருநூறு" என்றேன்.
வாய் தவறியதா, வேண்டுமென்றா,
இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை.

இருபத்து மூன்றாயிரத்தை வைத்தார்,
பர்மிய மொழியில் நன்றி சொன்னார்,
மீதிக்கு நிற்கவில்லை.

அடுத்த வாரம் என் வரிசையில் மூன்று பேர்.
ஐந்தாம் கவுண்டரில் பதினாலு பேர்,
பதினைந்தாவதும் பதினாறாவதும்
முதுகைக் காட்டிக்கொண்டு
வாய் திறக்காமல் நின்றார்கள்.

எண்ணூறு கியாட்டை ஒரு உறையில் போட்டு
கல்லாவின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன்.
உறைமேல் தமிழில் எழுதியிருக்கிறேன், தெய்வானை என்று.
அந்தப் பெயரை அவர்
என்னிடம் சொன்னதே இல்லை.